அந்தக் கல்லுக்கிடங்கின் மேற்குச் சுவரையாவது விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முன்னர் உங்கள் வாசகர் பகுதியில், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், கல் தோண்டி எடுத்தபின் கைவிடப்பட்டுக் கிடக்கும் கல்லுக்கிடங்குகளைப் பற்றி ஓர் அன்பர் எழுதியிருந்தார். மாரி காலத்தில் பிள்ளைகள் விழுந்துவிடக்கூடும், நுளம்பு பெருகுகிறது, ஆகவே குப்பை கொட்டியாவது கிடங்குகளை நிரப்பி மட்டப்படுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. பிள்ளைகளை நினைத்து அவர் பட்ட கவலை எனக்கும் உண்டு. என் வீட்டு வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அப்படி ஒரு கிடங்கு இருக்கிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில், அங்கே இருப்பது வெறும் முருகைக்கல்தான், ஏதோ ஒரு கடல்கோளில் கடல் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து மனம் அமைதியாக இல்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முருகைக்கல் என்பது பவள உயிர்கள் கட்டிய கல். அது வேறு, இந்தக் கல் வேறு. நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த மதில்களில் இருப்பது முருகைக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் பூப்பூவாக, நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைகள் தெரியும். வயதில் அது மிக இளையது. தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பக்கம் நாங்கள் கிணறு வெட்டும்போது வருவது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மயோசீன் என்பது இன்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். எங்கள் கல் அதன் முற்பாதியில் உண்டானது. புத்தளத்துக்கு வடக்கே தொடங்கி மன்னார் வழியாக இந்தக் குடாநாடு முழுக்க இந்தக் கல்தான் அடியில் படிந்து கிடக்கிறது. இதில் முருகை உயிர்களும் உண்டு, ஆனால் அவை மட்டும் கட்டிய கல் இல்லை இது. அதோடு ஒரு நாளில், ஒரு கடல்கோளில் வந்ததும் இல்லை. கடல் எத்தனையோ தரம் வந்து, தங்கி, போய், மறுபடி வந்ததில் உண்டானது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பு கிணறு வெட்டுகிறவர். மல்லாகம், அளவெட்டி, தெல்லிப்பழைப் பக்கம் அவர் கைபட்ட கிணறுகள் பல இன்றைக்கும் தண்ணீர் தருகின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. 1967 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. கிணற்றுக்குள் அப்புவும் இன்னும் இரண்டு பேரும் நிற்பார்கள். மேலே கடகம் இழுக்க இரண்டு பேர். கடகத்தில் வருவதைப் பார்த்தே எவ்வளவு ஆழம் போயிருக்கிறார்கள் என்று சொல்ல நான் பழகிவிட்டேன். முதலில் செம்பாட்டு மண். பிறகு மண்ணும் உடைகல்லும் கலந்து வரும். அதற்கடுத்தது கடுங்கல். அலவாங்கு பட்டால் ணங்கென்று கேட்கும், அதற்கு வெடி வைக்கத்தான் வேண்டும். கடுங்கல்லுக்குக் கீழே திடீரென்று மெத்துக்கல், நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அப்புறம் திரும்பவும் கடுங்கல். சில இடங்களில் அலவாங்கின் சத்தம் மந்தமாகிவிடும். அப்பு உடனே கையை உயர்த்துவார். "உதிலை நில்லாதை பிள்ளை, கீழை கோறை" என்பார். ஒருமுறை அப்படிக் கேட்ட இடத்தைத் திறந்தபோது ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய பொந்து இருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அந்தக் காற்று முகத்தில் பட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு நாள் மெத்துக்கல் துண்டொன்றைத் தந்து, வீட்டில் தேசிக்காய்ப்புளி விட்டுப் பார் என்றார். அடுப்படி வாசலில் குந்தியிருந்து விட்டேன். சின்னச் சின்னக் குமிழாகக் கிளம்பிச் சுர்ரென்று நுரைத்தது. அம்மியில் விட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. செங்கல்லிலும் இல்லை. அந்தக் கல்லில் மட்டும்தான். அந்த நுரை காபனீரொட்சைட்டு என்றும், கல் கல்சியம் காபனேற்று என்றும் பிறகுதான் படித்தேன். கோடி ஆண்டுக்கு மேல் கல்லுக்குள் பூட்டிக் கிடந்த வாயு ஒரு துளி புளியில் வெளியே வந்துவிடுகிறது.

அந்தத் துண்டில் ஒரு மட்டியின் அச்சு இருந்தது. ஓடு இல்லை. ஓடு இருந்த இடம் வெறும் பள்ளமாக, விலாக்கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடியபடி அப்படியே நின்றது. அதே துண்டின் மற்றப் பக்கத்தில் ஒரு சிப்பி இருந்தது. அதற்கு மட்டும் ஓடு முழுசாக, அடுக்கடுக்காக, தட்டினால் பொருக்கு எழும்பக்கூடியதாக இருந்தது. ஒன்றுக்கு ஓடு இருக்கிறது, பக்கத்தில் கிடப்பதற்கு இல்லை. ஏன்? அப்புவுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில்தான் விடை கிடைத்தது. மட்டியின் ஓடு அரகனைற்று, சிப்பியின் ஓடு கல்சைற்று. இரண்டும் ஒரே காபனேற்றுதான், ஆனால் மழைத் தண்ணீரில் அரகனைற்று இலகுவாகக் கரைந்துபோகும், கல்சைற்று தாக்குப்பிடிக்கும். கடல் தண்ணீருக்குள்ளேயே கிடந்திருந்தால் மட்டியின் ஓடு இலகுவில் கரைந்திராது. அப்படியென்றால் அந்தக் கல் உண்டான பிறகு கடலை விட்டு வெளியே வந்து, மழையில் நனைந்து நனைந்து கிடந்திருக்கிறது. உள்ளங்கை அளவு கல்லில் கடல் இறங்கிப்போன செய்தி எழுதிக் கிடந்தது என்பது விளங்கிய அன்று, விரிவுரை மண்டபத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, அந்தக் கல் முதலில் எப்படி உண்டாகிறது? மலையிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வரும் மண்ணால் உண்டாகும் பாறையைப் போல இது வெளியிலிருந்து வந்ததில்லை. அந்த இடத்திலேயே உயிர்கள் செய்தது. கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்து மட்டி, சிப்பி, முருகை, சுண்ணச்சத்துள்ள கடற்பாசி, போரமினிபெரா என்ற மிகச் சிறிய ஒற்றைக்கல உயிர்கள் எல்லாம் தங்களுக்கு ஓடும் கூடும் கட்டுகின்றன. செத்தபின் அவை உடைந்து மணலாகவும் சேறாகவும் படிகின்றன. அந்தப் படிவுதான் இறுகிக் கல்லாகிறது. இந்த வேலை எல்லாம் வெயில் நன்றாக எட்டும் ஆழத்தில்தான் மும்முரமாக நடக்கும். மேல் 10, 20 மீற்றர் என்று வையுங்கள். தண்ணீர் சூடாக, தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் வந்தால் வேலை நின்றுவிடும். எங்கள் கல்லில் தபெரினா மலபாரிக்கா என்று ஒரு போரமினிபெரா உண்டு, சில மில்லிமீற்றர் அகல வட்டு. கேரளத்துக் கொல்லத்துச் சுண்ணக்கல்லிலும் அதே வட்டு கிடக்கிறது. இந்த வகை உயிர்கள் தங்கள் உடம்புக்குள் நுண்ணிய பாசியை வைத்துக்கொண்டு அதன் உதவியால் வாழ்பவை, அதனால் வெயில் இல்லாமல் அவற்றுக்குச் சீவியம் இல்லை. அந்த வட்டைக் கண்டால் அந்தக் கடல் ஆழமில்லாத, வெளிச்சமான கடல் என்று நம்பிச் சொல்லலாம். 1923 இல் வேலண்ட், டேவிஸ் என்ற இருவர் இலங்கையின் மயோசீன் பாறைகளையும் அவற்றின் உயிர்ச்சுவடுகளையும் பற்றி எழுதினார்கள். நூறு வருடத்துக்கு முன்னரே உலகம் மதித்துப் பார்த்த கல் இது.

இப்படி ஆண்டாண்டாகப் படிந்து படிந்து கடலுக்குள் ஒரு திண்ணை போல உயர்ந்து நிற்பதைத்தான் காபனேற்று மேடை என்கிறார்கள். மேல் தட்டை, ஓரம் சரிவு. இன்றைக்கு உயிரோடு இருக்கும் பெரிய மேடை பஹாமாத் தீவுகள் இருக்கும் இடம். அங்கே மேடையின் மேல் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் 10 மீற்றருக்கும் குறைவு. ஆனால் அடியில் சுண்ணக்கல்லும் அதன் இனக் கற்களும் 4 கிலோமீற்றருக்கும் மேல் தடிப்பாக இருக்கின்றன. ஆழமில்லாத கடலில் மட்டும் உண்டாகும் கல் 4 கிலோமீற்றர் தடிப்பு வந்தது எப்படி? அடித்தளம் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது, மேலே உயிர்கள் கட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. பசுபிக்கின் வளையத் தீவுகளைப் பற்றி டார்வின் 1842 இலேயே இதைச் சொன்னார். எரிமலைத் தீவு தாழத் தாழ, ஓரத்து முருகை மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும் என்றார். 110 வருடம் கழித்து, 1952 இல், எனிவேற்றொக் வளையத் தீவில் துளை போட்டபோது 1,200 மீற்றருக்கும் மேல் சுண்ணக்கல்லைக் கடந்த பிறகுதான் எரிமலைக் கல் அகப்பட்டது. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு வருடமும் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகூட நிமிர்ந்து உட்காரும்.

இனிக் கடல் மட்டத்துக்கு வருகிறேன். கடல் ஏறினால் என்ன ஆகும், இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் அந்த அன்பரின் வரிக்குச் சரியான மறுமொழி.

கடல் மெதுவாக ஏறினால் மேடைக்கு நல்ல காலம். மேலே இடம் கிடைக்கிறது, உயிர்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன, மேடை கடலோடு சேர்ந்து உயர்கிறது. நிரப்பி முடித்து மேற்பரப்பை எட்டிவிட்டால் மேலே கட்ட இடமில்லை. அப்போது மிஞ்சிய மணலும் சேறும் ஓரத்தால் வழிந்து ஆழத்துக்குப் போகும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஓரம் வெளியே வளரும். பஹாமாவில் கீழ்க்காற்று மணலை மேற்கே தள்ளித் தள்ளி, மேடையின் மேற்கு ஓரம் 25 கிலோமீற்றர் அளவுக்குக் கடலுக்குள் நகர்ந்திருக்கிறது. எபர்லி, கின்ஸ்பேர்க் என்ற இருவர் 1987 இல் அதிர்வலைப் படங்களை வைத்து இதைக் காட்டினார்கள். இன்றைக்கு ஒரே மேடையாகத் தெரிவது முன்னர் தனித்தனி மேடைகளாக இருந்து, நடுவில் இருந்த ஆழங்கள் நிரம்பி ஒன்றாகியது என்பதும் அந்தப் படங்களில்தான் தெரிந்தது.

கடல் இறங்கினால் மேடையின் மேல் காய்ந்துவிடும். அதன் மேல் நடந்த வேலை நின்று, ஓரச் சரிவில் கீழே இறங்கி ஒடுங்கிய ஒரு பட்டையாகத் தொடரும். மேலே கிடக்கும் கல்லில் மழை பெய்யும். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லைத் தின்னும். பொந்து, குகை, குழாய் போன்ற துவாரம் எல்லாம் அப்போது உண்டாகும். மரஞ்செடி முளைக்கும், இரும்புச்சத்தால் சிவந்த மண் குழிகளில் போய்த் தங்கும். அதே மழைத் தண்ணீர் ஓரிடத்தில் கரைத்ததை இன்னோரிடத்தில் ஒட்டுப்பசை போலப் படியவிட்டுக் கல்லை இறுக்கும். மெத்துக்கல்லும் கடுங்கல்லும் மாறி மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு கடல் திரும்பி வரும். காய்ந்து கிடந்த கல்லின் மேல் புதுச் சேறும் புது மட்டியும் படியும். திரும்ப இறங்கும். கடல் கூட ஏறினால் மேடை கரையை நோக்கிப் பின்வாங்கும், இறங்கினால் ஆழத்தை நோக்கி முன்னேறும். எங்களுக்கு இடம்பெயர்வு என்ற சொல் புதிதில்லை. இந்தக் கல்லும் அப்படி எத்தனையோ தரம் இடம்பெயர்ந்து, விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வந்து கட்டியிருக்கிறது.

இதில் ஒன்றை மாணவர்கள் எப்போதும் பிழையாக எழுதுவார்கள், அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஆறு கொண்டுவரும் மண் ஆழ்கடலுக்கு அதிகம் போவது கடல் இறங்கியிருக்கும்போது, ஏனென்றால் ஆற்றின் வாய் அப்போது ஆழத்துக்குக் கிட்டப் போய்விடுகிறது. காபனேற்று மேடை இதற்கு நேரெதிர். கடல் உயர்ந்து மேடை முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் அது நிறையச் செய்து நிறைய வெளியே தள்ளும். கடல் இறங்கினால் செய்வதே குறைந்துவிடும்.

ஆனால் மேடைகள் செத்துப்போவதும் உண்டு. கடல் தாங்கமுடியாத வேகத்தில் ஏறினால், அல்லது தண்ணீர் கலங்கினால், வேலை செய்யும் உயிர்கள் பின்தங்கிவிடும். வெயில் எட்டாத ஆழத்துக்கு மேடை போய்விட்டால் மீட்சி இல்லை. 1981 இல் வூல்ஃப்காங் ஷ்லாகர் என்ற ஆய்வாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். கணக்குப் பார்த்தால் மேடைகள் வளரக்கூடிய வேகம், நீண்டகாலக் கடலேற்றத்தையும் நிலத்தாழ்வையும் விடப் பல மடங்கு கூட. அப்படியிருந்தும் உலகக் கடல்களில் இத்தனை மேடைகள் மூழ்கிச் செத்துக் கிடப்பது எப்படி? குறுகிய காலத்தில் திடீரென்று கடல் ஏறியிருக்க வேண்டும், அல்லது உயிர்களுக்கு வேறு ஏதோ கெடுதல் வந்து அவை வேலையை விட்டிருக்க வேண்டும் என்பது அவர் விடை. அதற்கு அத்தாட்சி எங்களுக்குப் பக்கத்திலேயே, மாலைதீவில் இருக்கிறது. 2015 இல் ஓர் ஆய்வுக் கப்பல் அங்கே கடலடியில் துளைகள் போட்டது. ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மாலைதீவு மேடையின் பகுதிகள் மூழ்கின என்றும், தென்னாசியப் பருவக்காற்று வலுத்துக் கடல் நீரோட்டங்கள் மாறியது அதற்குக் காரணம் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. பருவக்காற்று வலுத்த காலம் ஒரு சுண்ணக்கல் மேடையில் பதிந்து கிடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மயோசீனின் நடுப்பகுதியில், 1 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னளவில், அந்தாட்டிக்காவில் பனி பெருகி உலகக் கடல் இறங்கியது. தண்ணீர் பனியாகி நிலத்தில் ஏறினால் கடல் வற்றும், பனி உருகினால் கடல் பெருகும். கடைசியாக இது நடந்தது மிகக் கிட்டத்தில்தான். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 10,000 ஆண்டுகளுக்கு முன்னர்கூட இங்கிருந்து அக்கரைக்கு நடந்தே போயிருக்கலாம். காங்கேசன்துறைக் கரையில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் அது கடலாக இல்லாத ஒரு வெளியை நான் நினைத்துப் பார்ப்பேன். அப்புறம் பனி உருகிக் கடல் ஏறிய வேகமும் ஒரே சீராக இல்லை. பார்படோசின் பழைய முருகைகளைத் துளைத்து எடுத்துத்தான் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூறு ஆண்டுகளுக்குள் மட்டும் ஏறத்தாழ 15 மீற்றர் கடல் ஏறியது.

இனி என் வேலியோரக் கிடங்கு. 1990 இல் வீட்டை விட்டுப் போனபோது அந்த மட்டிக்கல் மேசையில் இருந்தது. இரண்டு பையோடு போனோம், கல்லை எடுக்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது மேசையும் இல்லை, வீடும் இல்லை, வேலிக்கு அப்பால் இருந்த தோட்டம் கிடங்காகிக் கிடந்தது. யார் தோண்டினார்கள், யார் அனுமதித்தார்கள் என்பதை இங்கே பேச வரவில்லை. கோபத்தோடுதான் இறங்கிப் பார்த்தேன். மேற்குச் சுவரில் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. அப்பு கடகத்தில் துண்டு துண்டாக மேலே அனுப்பியதெல்லாம் அங்கே முழுசாக, ஒன்றன் மேல் ஒன்றாக நின்றது.

கீழே, தண்ணீர் தேங்கும் இடத்துக்குச் சற்று மேலே, வெளிறிய மெத்துக்கல். உற்றுப் பார்த்தால் வட்டு வட்டாகப் போரமினிபெரா. அமைதியான, ஆழமில்லாத ஒரு களப்பு அது. அதற்கு மேல் ஒரு முழத் தடிப்பில் உடைந்த ஓடுகளும் முருகைத் துண்டுகளும், அலை அடித்த இடம். அதற்கு மேல் மட்டி அச்சுகள். ஓடு இல்லாத வெறும் பள்ளங்கள், நூற்றுக்கணக்கில். என் மேசையில் இருந்த கல்லின் உடன்பிறப்புகள். அந்த அடுக்கின் மேல்முகம் நேராக இல்லை, அரித்துக் குழி குழியாக இருக்கிறது. கடல் இறங்கி, மழை தின்ற முகம் அது. அதன் மேல் மறுபடி மெத்துக்கல், மறுபடி வட்டுகள், கடல் திரும்பி வந்துவிட்டது. உச்சியிலிருந்து ஒரு பனை தடிப்பில் ஒரு குழாய் கல்லைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அது நிறையச் செம்பாட்டு மண். மொத்தம் இருபது அடிச் சுவர்தான். கரையில் நின்று ஒரு நாளில் நாங்கள் காணும் பெருக்கும் வற்றும் போல, ஆனால் ஆயிரமாயிரம் ஆண்டுக் கணக்கில் நடந்த பெருக்கும் வற்றும் அந்தச் சுவரில் இருக்கின்றன. ஒரு கடல்கோளால் இப்படி ஒரு சுவரைச் செய்ய முடியாது.

குப்பை கொட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்கு மலை இல்லை, வற்றாத ஆறு இல்லை. குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கு இறைப்பது எல்லாம் இந்தக் கல்லின் பொந்துகளில் தங்கும் மழைத் தண்ணீரைத்தான். அந்த நன்னீர், கீழே கிடக்கும் கடல் தண்ணீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் அடியில் ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மேலே ஒரு அடி வற்றினால் கீழே நாற்பது அடி போய்விடும் என்று அதையே திருப்பியும் வாசிக்க வேண்டும். நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பது எல்லோரும் அறிந்தது. கீரிமலையில் கடலுக்கு ஓர் எட்டுத் தள்ளி நன்னீர் ஊறுகிறது. இரண்டுக்கும் புராணக் கதை உண்டு, நானும் அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அந்த அதிசயங்களை நடத்துவது கடல் இறங்கிய காலங்களில் மழை குடைந்துவைத்த இந்தப் பொந்துகள்தான்.

மணல் தண்ணீரை வடிக்கும். பொந்து வடிக்காது. கிடங்கில் கொட்டும் குப்பையில் ஊறும் தண்ணீர் அப்பு சொன்ன அந்தக் கோறைகள் வழியாக யாருடைய கிணற்றுக்கும் போகலாம். எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டுத் தள்ளியிருக்கும் கிணற்றில் போய்த் தலைகாட்டவும் கூடும். ஆகவே எந்தக் கிடங்கிலும் குப்பை போடக்கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மட்டப்படுத்தத்தான் வேண்டுமென்றால் எடுத்த கல்லின் சல்லியாலும் மண்ணாலும் செய்யட்டும்.

பிள்ளைகள் விழுவதற்கு வேலி போடலாம். நுளம்புக்குத் தேங்கும் தண்ணீரில் மீன் விடலாம், எங்கள் ஊரில் கிணறுகளுக்கு அதைத்தானே செய்கிறோம். மற்ற மூன்று பக்கத்தையும் சரிவாக்கி மரம் நடுவதாக இருந்தால் முதல் கன்றை நான் தருகிறேன். நான் கேட்பது மேற்குச் சுவரில் ஓர் இருபது மீற்றர் நீளம். அதை மூடாமல் விட்டு, இறங்கப் படி வெட்டி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டால் போதும். பெரிய செலவில்லை. உயர்தரத்தில் புவியியல் படிக்கும் எங்கள் பிள்ளைகள் சுண்ணக்கல் நிலத்தோற்றத்தைப் புத்தகத்தில் முன்னாள் யூகோசிலாவியாவின் கார்ஸ்ற் படத்தைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையின் அடியிலேயே அது இருக்கிறது, காட்டத்தான் இடமில்லை. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் கோடு கீறி விளங்கப்படுத்தினேன். ஒரு தடவையாவது பிள்ளைகளின் விரலை அந்த மட்டிப் பள்ளத்தில் வைத்துக் காட்டியிருந்தால் அவர்களுக்கு ஆயுளுக்கும் மறந்திராது.

பிரதேச சபையினரும் நிலத்துக்கு உரியவர்களும் முடிவெடுக்க முன்னர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கடிதம் எழுதிய அன்பரையும் அன்போடு அழைக்கிறேன். காலை எட்டு மணிக்கு வாருங்கள், வெயில் அப்போதுதான் மேற்குச் சுவரில் நேரே விழும், அடுக்குகள் பிரிந்து தெரியும். சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தாலும் நான் நின்று காட்டுவேன். தேசிக்காய் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தெல்லிப்பழை